அக்கா இழுத்த துடுப்பு

எங்கள் அக்காவை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் ஆள்மாறாட்டக்காரி என்பேன். திருட்டுப் புத்தி கிடையாது. பிறத்தியார் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா நிற்க முடியாது, அவ்வளவுதான். "நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அந்த இடத்தில் தான் போய் நின்றுவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் நான் தினமும் தாமதமாகப் போவேன். ஒருநாள் விளையாட்டு வாத்தியார் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கு இருமல். அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே சீருடை, ஒரே இரட்டைச் சடை. எனக்குப் பதிலாக அவள் ஓடினாள். மூச்சிரைக்க வந்து நின்றவளிடம் வாத்தியார், "இப்ப புத்தி வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சு சார்" என்றாள். எனக்கு வரவேண்டிய புத்தி அவளுக்குப் போய்விட்டதால் நான் மறுநாளும் தாமதமாகத்தான் போனேன்.

பெரியவளான பிறகும் இந்தக் குணம் மாறவில்லை. பெரிய துணிக்கடை ஒன்றில், விற்ற சட்டைகளை அட்டை வைத்து மடித்துப் பையில் போட்டுத் தருவது அவள் வேலை. கூட வேலை செய்கிறவளின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அவளுடைய பெயர் அட்டையைத் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு அவளுடைய முறையையும் சேர்த்துப் பார்ப்பாள். புது மேனேஜர் ஒருத்தர் ஒரு வாரம் முழுக்க அக்காவை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார். இவளும் "சொல்லுங்க சார்" என்று திரும்பினாள். பக்கத்து வீட்டம்மாவுக்கு வங்கியோடு போனில் பேசப் பயம். அந்தம்மாவாகவே குரலை மாற்றிக்கொண்டு பேசுவாள். அந்தம்மாவின் பிறந்த தேதி அக்காவுக்கு மனப்பாடம். சொந்த மகளின் பிறந்த தேதியில்தான் தடுமாறுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அத்தான் வாயைத் திறக்காத மனுஷன். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி இருப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரி மேல் வைக்கும் ராட்சத கிரேன். அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு கீழே குனிந்து பார்த்தபடி வேலை. பேச ஆளில்லாத வேலை கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம் என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார். பதில் மட்டும் வராது. ஆனால் அந்தக் கூண்டு என்றால் அவருக்கு உயிர்.

போன வருஷம் ஒருநாள் கிரேனின் ஏணியில் இறங்கி வந்தவர் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சோதனையில் உறுதியாக எதுவும் பிடிபடவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "ரத்தக் குழாய்ல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. தினமும் மெதுவா உடற்பயிற்சி பண்ணுங்க. பண்றப்போ நெஞ்சு இறுக்கினாலோ வலிச்சாலோ அப்பவே நிறுத்திட்டு எங்கிட்ட வந்துடணும். அத வெச்சுத்தான் அடுத்து என்னன்னு நான் முடிவு பண்ணுவேன்." துறைமுகத்திலும் ஒரு விதி உண்டு. நெஞ்சு வலி என்று தெரிந்தால் கிரேனில் ஏற்ற மாட்டார்கள். கீழே வாசலில் லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலைதான்.

நான் உடற்பயிற்சிக் கருவிகளைப் பழுது பார்க்கிறவள். வீட்டில் எனக்கு 'ஸ்பானர்' என்று பட்டப்பெயர். அந்தச் சமயம் ஒரு ஜிம்மில் பழைய துடுப்பு மெஷின் ஒன்றை ஓரங்கட்டியிருந்தார்கள். தரையோடு நீளமாக ஒரு தண்டு, அதன் மேல் முன்னும் பின்னும் உருளும் இருக்கை. காலை முன்னால் பட்டையில் மாட்டிக்கொண்டு, காலால் உந்தி, கைப்பிடியைத் துடுப்பு மாதிரி இழுக்க வேண்டும். சங்கிலி முன்னால் இருக்கும் காற்றாடியைச் சுழற்றும். 'ஸ்ஸ்ஸூ' என்று ஒரு சத்தம் வரும். நான் அதைக் கழற்றி, இருக்கையின் உருளைகள், கைப்பிடியை முன்னால் இழுத்துக்கொள்ளும் எலாஸ்டிக் கயிறு, தண்டின் மேல் ஒட்டியிருக்கும் எவர்சில்வர் தகடு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, அக்கா வீட்டுப் படுக்கையறையில் கொண்டுவந்து வைத்தேன். "சங்கிலிக்கு எண்ணெய், தகட்டுக்குத் துணி. மாத்திச் செஞ்சீங்கன்னா மெஷின் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தானுக்கு வெட்கம். பனியனோடு ஆடுவதை யாரும் பார்க்கக் கூடாதாம். கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். அக்கா மகளோ கெட்டிக்காரி. அலுவலகம் கிளம்புவதற்கு முன் காபியை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து, சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். வரும். ஒருநாளும் தவறாமல் வந்தது. "சித்தி, அப்பா இப்பல்லாம் என்னமா இழுக்கறார் தெரியுமா" என்று எனக்கு போன் செய்து பூரித்துப்போவாள். டாக்டரும் ஒவ்வொரு தடவையும், "வலி இல்லேன்னா சரி, மாத்திரையை மட்டும் போடுங்க" என்று அனுப்பிவைத்தார்.

எட்டு மாதம் போயிருக்கும். மெஷின் 'டொக் டொக்' என்று இடிக்கிறது, கைப்பிடி தொங்குகிறது என்று மகள் கூப்பிட்டாள். ஒரு விடுமுறை நாள் காலையில் கருவிப் பையோடு போனேன். எனக்கு உள்ளூரப் பெருமை. ஒரு மனுஷன் வீட்டில் வைத்து எட்டு மாதத்தில் உருளையைத் தேய்த்திருக்கிறான் என்றால் எப்பேர்ப்பட்ட உழைப்பு! நம் ஆட்கள் வாங்கிவைத்த மெஷின்களில் பாதி, துண்டு காயப்போடத்தான் ஆகும்.

இருக்கையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தேன். உருளைகளின் அச்சு நெடுக நீள நீளமாகத் தலைமுடி சுற்றியிருந்தது. அத்தான் தலையில் முடி என்பதே பழங்கதை. "அக்கா! மெஷின் பக்கத்துல நின்னுகிட்டா தலை வாருவ? உருளையில எப்படிச் சுத்திருக்கு பாரு" என்று கத்தினேன். கதவோரம் நின்றிருந்த அக்கா, "இனிமே வாரலடி" என்றாள். அவள் எப்போதும் என்னோடு ஒரு வாயாவது மல்லுக்கு நிற்பாள். அன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் அடங்கிப்போனதை நான் கவனித்திருக்க வேண்டும்.

முடியை வெட்டி எடுத்துப் புது உருளைகளைப் பூட்டினேன். தொய்ந்துபோன எலாஸ்டிக் கயிற்றை உருவிவிட்டு, புதியதை முறுக்கேற்றி மாட்டினேன். கடைசியாகத் தகட்டைத் துடைத்தபோதுதான் கண்ணில் பட்டது. உருளை ஓடி ஓடித் தகட்டில் இரண்டு கோடுகள் பளபளவென்று விழுந்திருந்தன. ஆனால் அந்தக் கோடுகள் பின் முனை வரைக்கும் போகவில்லை. முக்கால் தண்டிலேயே வெட்டினாற்போல நின்றுவிட்டன. அதற்கு அப்பால் நான் ஒட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே தகடு மங்கலாக இருந்தது. அழுக்கு என்றால் துடைத்துவிடலாம். தேய்மானத்தைத் துடைக்க முடியாது.

அத்தான் வாசல் நிலையில் குனிந்து வரும் ஆள். காலை முழுக்க நீட்டினால் இருக்கை தண்டின் கடைசிவரை போயாக வேண்டும். கால் பட்டையைப் பார்த்தேன். அவருடைய பெரிய காலுக்கு ஏற்றபடி சரியாகத்தான் வைத்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தேகம் என்று துளியும் வரவில்லை. மனுஷன் தப்பாகச் செய்கிறார், காலை நீட்டாமல் முதுகால் இழுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அத்தான், இங்க வாங்க. காலை முழுசா நீட்டாமப் பண்றீங்க. முதுகு போயிடும். உக்காந்து நாலு இழு இழுங்க, பாக்கறேன்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா சட்டென்று முன்னால் வந்தாள். "நீ தள்ளு, நான் உக்காந்து காட்டறேன்."

"உன்னை யாரு கேட்டா? மெஷின் உனக்கா வாங்கினோம்?"

"அவர் இப்பதான்டி சாப்ட்டாரு."

"சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா" என்று மகள் ஹாலிலிருந்து உள்ளே வந்தாள். "அப்பா, பண்ணுங்கப்பா. எட்டு மாசமா சத்தம்தான் கேக்கறேன். ஒரு தடவைகூட நான் பாத்ததில்ல."

மகள் கேட்டு அத்தான் எதையும் மறுத்ததில்லை. போய் உட்கார்ந்தார். காலைப் பட்டைக்குள் விட்டார். விட்டவர் அந்தப் பட்டையை எப்படி இறுக்குவது என்று தெரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எனக்கு முதல் அதிர்ச்சி அப்போதுதான். எட்டு மாதம் தினமும் மாட்டிய பட்டை! நான் குனிந்து இறுக்கிவிட்டேன். கைப்பிடியைப் பிடித்தார். காலால் உந்த வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. கிணற்றில் வாளி இழுப்பது மாதிரி கையாலேயே இழுத்தார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"போதுங்க. போதும், எந்திரிங்க" என்றாள்.

அதற்குள் அத்தான் இன்னும் இரண்டு இழு இழுத்துவிட்டார். மூன்றாவதில் கை விட்டுப்போனது. புதுக் கயிறு கைப்பிடியை வெடுக்கென்று இழுத்து முன்னால் 'டமார்' என்று அடித்தது. மகள் வீறிட்டாள். அத்தான் வலது கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தார். உதடு வெளிறி, நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாகத் தகட்டின் மேல் விழுந்தது. எத்தனையோ ஜிம்களில் எத்தனையோ பேர் களைத்து விழுந்து பார்த்திருக்கிறேன். இது களைப்பு இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"வாய்வுதான். வாய்வுப் பிடிப்பு. சுடுதண்ணி குடிச்சா எறங்கிடும்" என்று அக்கா சமையலறைக்கு ஓடப் பார்த்தாள். மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முன்னாடியும் இப்படி வந்திருக்காம்மா?"

"முதல் ரெண்டு நாளும் வந்துச்சு. அப்புறம் வரல."

"அப்புறம் எப்படி வராமப் போச்சு?"

அக்கா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறம் நான்தானே பண்ணேன்" என்றாள்.

மகள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் காலையில் காபியை வைத்துக்கொண்டு அவள் கேட்டு மகிழ்ந்த சத்தம் அம்மாவின் சத்தம். கதவுக்கு உள்ளே அப்பா கட்டிலில் படுத்திருக்க, ஐம்பதை நெருங்கும், அவர் தோளுயரம்கூட இல்லாத அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடுப்பு இழுத்திருக்கிறாள். முடித்துவிட்டு மறக்காமல் பட்டையை அவர் கால் அளவுக்கு மாற்றிவைத்திருக்கிறாள். கேட்டால் உலகம் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன்.

ஆம்புலன்ஸில் அக்காவும் மகளும் அவரோடு ஏறினார்கள். நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு மூளை இருக்கா? ஸ்கூல்ல எனக்குப் பதிலா ஓடின மாதிரியா இது? மருந்தை நீ குடிச்சா வியாதி அவருக்கு எப்படிடி போகும்?" என்று அந்த வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஒரு நர்ஸ் வந்து என்னை அதட்டிவிட்டுப் போனாள்.

"ரெண்டு நாள் மட்டும்னாருடி" என்றாள் அக்கா. "வாய்வு சரியானதும் நானே பண்ணிக்கறேன்னாரு. சத்தம் வரலேன்னா பொண்ணு உள்ள வந்துடுவா, கேள்வி கேப்பா, டாக்டர்கிட்ட சொல்லிடுவா, கிரேன்லேருந்து எறக்கிடுவாங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கல்யாணம் ஆனதுலேருந்து அந்த மனுஷன் எங்கிட்ட வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதே இல்ல. முதல் தடவையா கேட்டாரு. நான் எப்படிடி மாட்டேம்பேன்?"

எனக்கு அத்தான் மேல் வந்த கோபத்துக்கு, அவர் மட்டும் நல்லபடியாக வெளியே வந்தால் நானே நாலு வைக்கலாம் என்றிருந்தது. வர வேண்டுமே என்று அடுத்த நொடியே பயமாகவும் இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். பழைய டாக்டர்தான். முக்கியமான ரத்தக் குழாய் ஒன்று கிட்டத்தட்ட அடைத்துவிட்டது, உடனே கை வழியாகக் குழாய் விட்டுத் திறக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் கேட்டார். "ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேனேம்மா. வலி இருக்கா, வலி இருக்கான்னு. அப்பவே சொல்லியிருந்தா எப்பவோ பாத்திருப்போமே?"

அக்கா ஒளிக்கவில்லை. "தினமும் பண்றீங்களான்னு கேட்டீங்க, பண்றோம்னேன். வலி இருக்கான்னு கேட்டீங்க, இல்லேன்னேன். நான்தான் பண்ணேன் டாக்டர். எனக்கு வலிக்கல."

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் ஓடியதுதான் என் முகத்திலும் ஓடியிருக்கும். நம் பேச்சில் யாருக்கு என்று சொல்லாமலேயே ஒரு பேச்சை முழுதாகப் பேசிவிடலாம். வலி இருக்கா, இல்லை. முடிந்தது. அவர் அத்தானைக் கேட்டிருக்கிறார். அத்தான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்ற அக்கா தன் நெஞ்சைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் அதை அத்தானின் நெஞ்சு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பொய் இல்லை. மனுஷன் சாகக் கிடக்கிறான்.

"எட்டு மாசமும் நீங்களா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர்." அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். குரல் தழைந்துபோனது. "நல்லாத்தான் இருக்கு. மாடிப்படி ஏறினாக்கூட இப்பல்லாம் எனக்கு மூச்சு வாங்கறதில்ல. அவருக்குச் செய்யச் சொன்னதையெல்லாம் வாங்கிக்கிட்டு இது நல்லாயிடுச்சு. இதை எடுத்து அவருக்கு வைக்க முடியாதா?"

முதலில் எனக்கு அவள் சொன்னது காதில் ஏறவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தன் நெஞ்சையே எடுக்கச் சொல்கிறாள். சும்மா பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். சரி என்று டாக்டர் சொல்லியிருந்தால் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பாள். மகள் "அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "முடியாதும்மா. அவரோடதை அவர்தான் பாத்துக்கணும். நீங்க உக்காருங்க" என்றார்.

தள்ளுபடுக்கையில் அத்தானைக் கொண்டுபோனார்கள். அக்கா தானாக எழுந்து கூடவே நடந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பேஷன்ட் மட்டும்தான் என்று நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். அத்தான் படுத்தபடியே அக்காவைப் பார்த்தார். எப்போதும்போல அவள் ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. அவளுக்கு வாய் வரவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் அழுது அழுது ஓய்ந்துபோனாள். நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். அக்கா மட்டும் அசையவில்லை. எதிரே ஒரு அம்மாள் கைக்குழந்தையையும் பையையும் வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் அல்லாடினாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அக்கா போய்ப் பிள்ளையை வாங்கியிருப்பாள். அன்றைக்கு அவள் கண் அந்தப் பக்கமே போகவில்லை. நான்தான் போய்த் திறந்து கொடுத்தேன். செய்ய ஒன்றும் இல்லாமல் மடியில் கிடந்த அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை நெடுகக் காய்த்துப்போயிருந்தது. சட்டை மடித்து இப்படிக் காய்க்காது. எட்டு மாதமாக இந்தக் கையால்தான் எனக்குக் காபி கொடுத்திருக்கிறாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. கதவு திறந்தது. கதவில் தடுத்த அதே நர்ஸ். மூன்று பேரும் ஒன்றாக எழுந்தோம்.

"முடிஞ்சுது. நல்லபடியா திறந்தாச்சு. முழிப்பாத்தான் இருக்காரு. கையில குத்தின இடம் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. அது எல்லாருக்கும் இருக்கறதுதான், பயப்படாதீங்க."

மகள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்கத் தொடங்கினாள். அக்கா அவளை விலக்கிவிட்டு முன்னால் போனாள்.

"வலிக்குதுன்னு அவரே சொன்னாரா?"

நர்ஸுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "அவரேதாம்மா. வேற யாரு சொல்லுவா?" என்றாள்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.